பொருள்: லிபர்ட்டேரியன், பாப்புலிஸ்ட், விங் – மூன்றுக்கும் சொல் வேண்டும்

வணக்கம்.

அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்குள் நடக்கும் இழுபறியை எழுதும்போது நம் மலேசியத் தமிழ்ச் செய்திகளில் 'தாராளவாதிகளுக்கும் ஜனரஞ்சகவாதிகளுக்கும் மோதல்' என்று வந்துவிடுகிறது. அமெரிக்காவில் தாராளவாதி என்றால் எதிர்முகாமான ஜனநாயகக் கட்சிக்காரர் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். ஜனரஞ்சகம் என்றாலோ சினிமா வார இதழ்தான் கண்முன் நிற்கும்.

என் முன்மொழிவு: லிபர்ட்டேரியன் – சுதந்திரவாதி. பாப்புலிஸ்ட் – மக்கள்வாதி. விங் (கட்சிக்குள் ஒரு கருத்துப் பக்கம்) – பிரிவு. கருத்துச் சொல்லுங்கள்.

– பிரிக்பீல்ட்ஸ்

*

> சுதந்திரவாதி, மக்கள்வாதி, பிரிவு

ஐயா, மூன்றுமே இடிக்கின்றன.

சுதந்திரவாதி என்றதும் மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டு விடுதலைக்கு, போராடியவர் நினைவுக்கு வருவார். சிலர் 'சிற்றரசுவாதி' என்றும் எழுதிப் பார்த்தார்கள். அரசு சிறிதாக இருக்கவேண்டும் என்பவர் என்ற கணக்கில் சரிதான், ஆனால் பாரியும் ஓரியும் தேரேறி வந்துவிடுகிறார்கள். தன்னுரிமைவாதி என்று வைக்கலாம்: தனிமனிதரின் விருப்பத்திலும் சொத்திலும் வணிகத்திலும் அரசு கைவைக்கக்கூடாது என்பவர். வட்டாரங்கள் கேட்கும் உரிமைக்குத் 'தன்னாட்சி' இருப்பதால் அதனோடு குழம்பாது.

மக்கள்வாதி நம் நாட்டில் கட்சிப் பெயர்களோடு மோதும். 2007-இலிருந்து 'மக்கள் சக்தி' ஒரு முழக்கம், 2009-இலிருந்து ஒரு கட்சி. 'மக்கள் நீதிக் கட்சி' வேறு இருக்கிறது. போதாக்குறைக்கு, அந்தச் சொல் கேட்கவே பாராட்டு மாதிரி இருக்கிறது. பாப்புலிஸ்ட்டின் அடையாளம் மக்களை நேசிப்பது அல்ல, 'உண்மையான மக்கள்' ஒரு பக்கம், அவர்களை ஏய்க்கும் மேட்டுக்குடி மறுபக்கம் என்று நாட்டைக் கோடு கிழிப்பது. ஆகவே வெகுமக்கள்வாதி. உதவித்தொகை கொடுப்பவரெல்லாம் வெகுமக்கள்வாதி ஆகிவிடமாட்டார் என்பதையும் குறிப்பில் சேர்க்கவேண்டும். 2012-இல் பிரிம் என்ற அரசு உதவித்தொகைத் திட்டத்தில் 500 ரிங்கிட் கொடுத்தது வாக்கு அரசியலாக இருக்கலாம், மேட்டுக்குடி எதிர்ப்பு அல்ல.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 2025 ஜூலையில் டிரம்பின் பெரிய வரி, செலவின மசோதாவுக்கு ஒரே கட்சிக்குள் இரண்டு திசைகளிலிருந்து முனகல் வந்தது. செனட்டர் ரேண்ட் பால், கடன் உச்சவரம்பை 5 டிரில்லியன் டாலர் உயர்த்துகிறார்களே என்று எதிர்த்து வாக்களித்தார். கீழவையில் தாமஸ் மேசியும் பற்றாக்குறையைக் காட்டி எதிர்த்தார். அங்கே முடிவு 218–214. செனட்டர் ஜோஷ் ஹாவ்லியின் வருத்தம் வேறு: ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமான மெடிக்கேய்டை வெட்டக்கூடாது என்று வாதாடினார், கடைசியில் ஆதரித்தே வாக்களித்தார். முதல் இருவர் தன்னுரிமைவாதிகள், மூன்றாமவர் வெகுமக்கள்வாதி. 'தாராளவாதி' என்று போட்டால் இந்தப் பத்தியே தலைகீழாகும்.

இனி 'பிரிவு'. இளைஞர் பிரிவு, மகளிர் பிரிவு என்று பழகிய நம் வாசகர், இதற்கும் தேர்ந்தெடுத்த தலைவரும் செயற்குழுவும் இருப்பதாக நினைப்பார். 'அணி' என்றால் கட்சித் தேர்தலில் ஒருவர் பெயரைச் சொல்லித் திரளும் கூட்டம். இங்கே மோதுவது கருத்துப் போக்கு. ஒரே ஆளே இரண்டிலும் நிற்பார். கனடாவின் மக்சிம் பெர்னியே 2017 கன்சர்வேட்டிவ் தலைமைப் போட்டியில், பால், கோழி, முட்டைக்கான உற்பத்திக் கோட்டாவை ஒழிப்பேன் என்று தன்னுரிமை பேசினார். 49.05 விழுக்காடு பெற்று, 50.95 பெற்ற ஆண்ட்ரூ ஷியரிடம் தோற்றார். மறு ஆண்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டு, குடிநுழைவைக் குறைக்கவேண்டும் என்று வெகுமக்கள் பாணியில் முழங்கினார். அவரை எந்த அணியில் சேர்ப்பீர்கள்? 'போக்கு' என்றால் சிக்கலே இல்லை.

– ஜோர்ஜ்டவுன்

*

தன்னுரிமைவாதி சரி. வெகுமக்கள்வாதி தலைப்பில் அடங்காது, ஒரு பத்தி அகலத்தில் உடைந்து தொங்கும்.

இன்னொன்று: வரியைக் குறைப்பவர் எல்லாம் தன்னுரிமைவாதியா? 2018 ஜூன் 1-இல் பொருள், சேவை வரியான ஜி.எஸ்.டி. இங்கே 6 விழுக்காட்டிலிருந்து 0 ஆனதே?

– பட்டர்வொர்த்

*

அம்மா, இல்லை. எந்த வரி, யாருக்காக, எந்தக் காரணம் சொல்லி என்று பார்க்கவேண்டும். ஜி.எஸ்.டி. நீக்கத்துக்குச் சொன்ன காரணம் விலைவாசி. அரசைச் சுருக்குவது பேச்சிலேயே இல்லை, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரியான எஸ்.எஸ்.டி. திரும்பி வந்தது. பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் பிரதமராக இருந்த லிஸ் டிரஸின் அரசு 2022 செப்டம்பர் 23-இல் 45 விழுக்காட்டு உச்ச வருமான வரியை நீக்குவதாக அறிவித்ததுதான் அசல் தன்னுரிமைப் போக்கு. 2019-இல் போரிஸ் ஜான்சனுக்கு வாக்களித்த வட இங்கிலாந்துத் தொழிலாளர் தொகுதிகள் கேட்டதோ மருத்துவமனை, ரயில், அரசுச் செலவு. டிரஸ் கடன் வாங்கித்தான் வரியைக் குறைக்கப்போகிறார் என்றதும் பத்திரச் சந்தை ஆட்டம் கண்டது. அக்டோபர் 3-இல் அந்த வரிக்குறைப்பைக் கைவிட்டார், 20-இல் பதவி விலகுவதாக அறிவித்தார். வெகுமக்கள் போக்கு அவரைக் கவிழ்த்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், முதலில் கவிழ்த்தது சந்தை.

தலைப்புக்கு 'வெகுமக்கள் போக்கு' போதும், 'வாத'த்தை விட்டுவிடலாம். உள்ளே எழுதும்போது 'வெகுமக்கள்வாதப் போக்கு', ஒற்று மிகும். கட்சியின் பெயரைக் கன்சர்வேட்டிவ் என்றே விடுங்கள். 'பழமைவாதக் கட்சி' என்றால் பெயரிலேயே தீர்ப்பு எழுதியதாகிவிடும்.

– ஜோர்ஜ்டவுன்

*

ஏற்கிறேன். 'பிரிவு' போய் 'போக்கு' வருகிறது. மூன்றையும் இன்றே பட்டியலில் ஏற்றுகிறேன்.

– பிரிக்பீல்ட்ஸ்