அப்பாவின் சாப்பாட்டைக் குறைத்து நான் செய்த தப்பு

அப்பா மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இப்போது 67 வயது. வேலையை விட்டு வருஷக்கணக்கான பிறகும் காலையில் பசியாற மூன்று ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), டின் பால் தூக்கலாக ஒரு தே தாரிக் (ஆற்றிய தேநீர்). ரொட்டி ஒன்று சுமார் 300 கலோரி, அதாவது பருப்புக் குழம்பு ஊற்றும் முன்பே 900. உடம்பு 62 கிலோவிலிருந்து 74-க்கு ஏறிவிட்டது. வயசானால் சாப்பாடு குறைய வேண்டும் என்று நானாகவே முடிவு செய்து, எங்கோ படித்ததை வைத்து ஒரு நாளைக்கு 1,200 கலோரிதான் என்று கறாராக நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது வாரம் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் பாதி ஏறும்போதே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். பயந்துபோய் கிளினிக்குக் கூட்டிப் போனேன்.

அங்கே உணவு ஆலோசகர் அக்கா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். எடையை 10-ஆல் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கி இரண்டையும் கூட்ட வேண்டும். வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கடைசியில் ஆணுக்கு 5 கூட்டல், பெண்ணுக்கு 161 கழித்தல். 165 செ.மீ. உயரமுள்ள அப்பாவுக்கு 1,441 வந்தது. "இது சும்மா படுத்தே கிடந்தாலும் உடம்பு கேட்கிறது தம்பி, நீங்க அதிலேயே கை வச்சிட்டீங்க" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் அந்த எண்ணை வேலைக்குத் தகுந்தபடி பெருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தால் 1.2, லேசான நடை இருந்தால் 1.375, கடும் உழைப்புக்கு 1.725. வீட்டிலேயே இருக்கும் அப்பாவுக்குச் சுமார் 1,730. என் வயதில், 38-ல், மூட்டை தூக்கிய காலத்தில் அவருக்கு 2,500-க்கு மேல் தேவைப்பட்டிருக்கும். பாயான் லெப்பாஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் எனக்கோ 2,000 போதும். வயதை மட்டும் குறை சொல்லக் கூடாது என்று அப்போதுதான் புரிந்தது. 2021-ல் வந்த ஒரு பெரிய ஆய்வுகூட, உடல் அளவைக் கணக்கில் எடுத்தால், 20-லிருந்து 60 வரை உடம்பு செலவழிப்பது பெரிதாகக் குறைவதில்லை, 60-க்கு மேல்தான் வருஷத்துக்கு 0.7 சதவீதம் போலக் குறைகிறது என்றது. அப்பாவுக்கு நின்றுபோனது உழைப்பு.

இப்போது ஒரு ரொட்டி, இரண்டு அவித்த முட்டை, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். சாயங்காலம் தாவரவியல் பூங்காவில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். (சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், மாத்திரை அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.)

அதே தாளில் அம்மாவுக்கும் போட்டுப் பார்த்தேன். 62 வயது, 152 செ.மீ., 60 கிலோ, வீட்டு வேலையோடு சேர்த்து 1,480 வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிற அவருடைய ஒரு நாள் தட்டை எண்ணினால் 1,100 கூடத் தேறவில்லை. யாருமே கவனிக்கவில்லை, நானும்தான். இப்போது முட்டை அவிக்கும்போது அம்மாவுக்கும் சேர்த்தே போடுகிறேன்.