தி டோர்ஸ், பீட்டில்ஸ், ஈகிள்ஸ்: தகுதிக்கு மீறிய புகழ் யாருக்கு?

அளவுக்கு மீறிக் கொண்டாடப்படும் ராக் குழு எது என்று பேச்செடுத்தால், தி டோர்ஸின் பெயர் தவறாமல் அடிபடுகிறது. குழுவின் பாடகர் ஜிம் மாரிசன் 1971இல் 27 வயதிலேயே இறந்துபோனதும், அவருடைய முகம் சுவரொட்டிகளில் நிலைத்துவிட்டதும்தான் அந்தப் புகழுக்குக் காரணம் என்பது என் நண்பர் ஒருவரின் கட்சி. அவர் கீபோர்டு வாசிப்பவர் என்பதால், வாதத்தை நிறுத்திவிட்டு, 1967இல் வெளியான 'லைட் மை ஃபயர்' பாடலின் நடுவில் வரும் நீண்ட ஆர்கன் பகுதியை வாசித்துக் காட்டும்படி கேட்டேன். மேடையில் அந்தக் குழுவுக்கு பாஸ் கிதார் கலைஞர் கிடையாது. ரே மன்சாரெக் இடக்கையால் தனியொரு சிறிய கீபோர்டில் பாஸ் சுரங்களை விடாமல் ஓட்டிக்கொண்டே, வலக்கையால் ஆர்கனில் கற்பனையை வளர்த்துச் செல்வார். நண்பரின் இடக்கை சில சுற்றுகள் ஒழுங்காகத்தான் போயிற்று; வலக்கை தாளத்தைவிட்டுச் சற்றே விலகி விளையாட முயன்றதும், இடக்கையும் அதன் பின்னால் ஓடிவிட்டது.

ஏழு நிமிடப் பாடலை வானொலிக்காக மூன்று நிமிடத்துக்குள் சுருக்கியபோது வெட்டப்பட்டவை இந்தத் தனி வாசிப்புகள்தான் என்பதால், அந்தச் சிறு வடிவத்தை மட்டும் கேட்டவர்கள் குழுவைக் குறைவாக எடைபோடுவதில் வியப்பில்லை. பாடலைப் பெரும்பாலும் எழுதியவரும் மாரிசன் அல்லர், கிதார் கலைஞர் ராபி கிரீகர். ஆகவே மிகைப்புகழ் மாரிசனுக்கு உரியது, குழுவுக்கு அன்று என்பது என் தீர்ப்பு. நண்பர் அதில் பாதியைத்தான் ஒப்புக்கொண்டார்.

பீட்டில்ஸை மட்டம்தட்ட உறவுக்காரப் பையன் ஒருவன் 1965ஆம் ஆண்டின் ஷே ஸ்டேடியம் கச்சேரிப் பதிவைக் காட்டினான். ஏறத்தாழ 55,000 பேரின் அலறலில் தங்கள் வாசிப்பே தங்களுக்குச் சரியாகக் கேட்காத நால்வரை அந்தப் பதிவைக்கொண்டு அளப்பது நியாயமாகாது. 1966 ஆகஸ்டோடு அவர்கள் சுற்றுப்பயணங்களையே நிறுத்திக்கொண்டு ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் ஒதுங்கிவிட்டார்கள்.

என்னால் காப்பாற்ற முடியாத குழு ஈகிள்ஸ். குரல்கள் பிசிறில்லாமல் இணைகின்றன, கிதார்கள் உரிய இடத்தில் வந்து உரிய இடத்தில் நிற்கின்றன. இருந்தும் மறுபடி கேட்கும் ஆவல் எழுவதில்லை. அவர்களுக்காக என்னிடம் வாதாடுகிறவர்கள், 1976இல் வந்த வெற்றிப் பாடல் தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் 3.8 கோடிப் பிரதிகளுக்கு விற்பனைச் சான்று பெற்றதைச் சொல்கிறார்களே தவிர, ஒரு பாடலின் ஓர் இடத்தைக் குறிப்பிட்டு "இதைக் கேளுங்கள்" என்று எவரும் இதுவரை சொன்னதில்லை.