டோனி அயோமி இன்னும் ஊக்கம் தருகிறாரா, இல்லை நமக்கு இளமைப் பாசமா?

ரிஃப்_பிரியன்:
பள்ளி முடிக்கும் வயதில் நண்பன் கொடுத்த கேசட்டில்தான் பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவை முதலில் கேட்டேன். இன்றும் கிடாரைக் கையில் எடுத்தால் அந்தக் குழுவின் கிடார் கலைஞர் அயோமிதான் நினைவுக்கு வருகிறார். பழைய பாசம் என்று வீட்டில் சொல்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பர்மிங்காம் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலை, அவருக்கு வயது 17, இயந்திரத்தில் மாட்டி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவதே அந்தக் கைதான். மனிதர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, தேய்த்துத் தேய்த்து அளவு சரிசெய்து, மேலே பதனிட்ட தோல் துண்டை ஒட்டி வாசித்தார். ஏதாவது ஒன்று முடியாது என்று தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொப்பி ஞாபகம் வரும்.

பட்டறைக்காரன்:
கதை உண்மைதான், அதில் சண்டை இல்லை. எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. அது அவர் வழக்கமாகப் பார்த்த இயந்திரமே இல்லை, அன்று வேறொரு ஆள் வராததால் இவரை அங்கே நிறுத்தினார்கள். பழக்கமில்லாத பையனை இப்படி நிறுத்தியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, நேராகத் தன்னம்பிக்கைக் கதைக்குப் போய்விடுகிறோம். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன் நான். விரல் போனவர்களோடு பழகியிருக்கிறேன். அவர்களிடம் போய் அயோமியைப் பார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நள்ளிரவு_வானொலி:
அதே தொழிற்சாலையின் மேற்பார்வையாளரான ஃபோர்மேனையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. பையன் மனம் உடைந்து கிடந்தபோது ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து, வேண்டாம் என்று சொன்னவரைக் கட்டாயப்படுத்திக் கேட்க வைத்தார். கேட்டு முடித்த பிறகுதான், வாசித்தவர் ஜாஸ் கிடார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட், தீ விபத்தில் இடது கையில் இரண்டு விரல்கள் செயலிழந்தவர் என்று சொன்னார். எனக்கு அயோமியைவிட அந்த ஃபோர்மேன் மேல்தான் மரியாதை அதிகம்.

பட்டறைக்காரன்:
நல்ல மனிதர், மறுக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கனமான ஓசையே காயத்தால் வந்தது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது, அதில் கிடார் வழக்கமான சுருதியில்தான் இருக்கிறது. தந்தி தளரும்படி மூன்று ஃப்ரெட் (கிடார் கழுத்தில் உள்ள கட்டைகள்) அளவுக்குச் சுருதியை இறக்கியது 1971-இல், மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்தில். அதற்கு முன்பே கனம் இருந்தது. குழுவில் இருந்த கீஸர் பட்லரின் பேஸ் கிடாரும் பில் வார்டின் டிரம்ஸும் சும்மாவா இருந்தன?

ரிஃப்_பிரியன்:
சுருதி இறக்கியது பிறகுதான், சரி. ஆனால் மெல்லிய தந்திகள் எளிதில் கிடைக்காத காலத்தில் பாஞ்சோ தந்தியை வாங்கிக் கிடாரில் போட்டாரே, அது எதற்காக? தொப்பி போட்ட விரலுக்குத் தந்தி தொடுவதே தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் குறைந்த விரலில் நிறைந்த சத்தம் வரும் கார்டுகளை (பல சுரங்களைச் சேர்த்து வாசிப்பது) தேடிப் போனார். காயம் மேதையாக்கியது என்று நான் சொல்லவே இல்லை. கருவியைத் தன் கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார், நான் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான். எனக்கே இப்போது விரல் மூட்டு வலி. மெல்லிய தந்திக்கு மாறிவிட்டேன், வாசிப்பை விடவில்லை.

மூன்றாம்_ஃப்ரெட்:
எனக்கு இந்த இளமைப் பாசமெல்லாம் கிடையாது, அவர்கள் புகழ்பெற்று எவ்வளவோ காலம் கழித்துப் பிறந்தவன். நான் முதலில் கேட்டதே 2013-இல் வந்த '13' என்ற பிளாக் சபாத் ஆல்பம். 2012 தொடக்கத்தில் அயோமிக்கு லிம்ஃபோமா என்ற புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவில்தான் அந்த ஆல்பத்தை முடித்தார், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் அப்படி ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) எழுதுகிறார் என்றால், அது உங்கள் காலம் என் காலம் என்ற பேச்சில் அடங்காது.

பட்டறைக்காரன்:
தம்பி, முதலிடம் வந்தது என் வயதுக்காரர்கள் ஓடிப்போய் வாங்கியதால். தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவர்களை உட்காரவைத்து அந்த 1970 ஆல்பத்தைத் திரும்பக் கேட்கச் சொன்னார். அதே மாதிரி ஒன்றைச் செய்யத்தான் முயன்றார்கள். டிரம்ஸில் பில் வார்டும் இல்லை. எனக்குப் பிடித்த இசைக்காரர் தன் பழைய நிழலைத் தேடிப் போவதைப் பார்க்கும்போது ஊக்கம் வரவில்லை, வருத்தம்தான் வருகிறது.

நள்ளிரவு_வானொலி:
2025 ஜூலை 5, பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் நடந்த விடைபெறும் நிகழ்ச்சி? குழுவின் ஆரம்பகால நால்வரும் ஒரே மேடையில். பார்க்கின்சன் நோயோடு பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார், அந்த மாதம் 22-ஆம் தேதியே போய்விட்டார். வந்த பணம் பார்க்கின்சன் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும். அதையும் வருத்தம் என்பீர்களா?

பட்டறைக்காரன்:
இல்லை. அது விடைகொடுத்தல், அழுதுகொண்டேதான் பார்த்தேன். ஆனால் விடைகொடுக்க வந்த கூட்டத்தை வைத்து இன்றைக்கும் புதிதாகத் தருகிறார் என்று நிரூபிக்க முடியாது, என் வாதம் அவ்வளவுதான்.

ரிஃப்_பிரியன்:
புதிதாகத் தந்தால்தான் ஊக்கம் என்று யார் சொன்னது? அந்தக் காலத்தில் அவர் செய்ததை வைத்து இன்றைக்கு நான் தந்தி மாற்றுகிறேனே. தொழிற்சாலை விஷயத்தில் உங்கள் பக்கம்தான், இனி யாரிடம் இந்தக் கதையைச் சொன்னாலும் அந்த இயந்திரத்தில் அவரை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் சொல்வேன். 13 ஆல்பத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், முதல் பாட்டை ஹெட்ஃபோனில் இன்னொரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள்.