ஆட்ப்ளூ டேங்க் நிறைந்திருக்கிறது, ஆனால் வண்டி ‘இனி ஸ்டார்ட் ஆகாது’ என்கிறது: டீசல் கார்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

மேடவாக்கத்தார்:

பிஎஸ்6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசல் கார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியின் பெயரோ சர்வீஸ் சென்டரின் பெயரோ வேண்டாம்.

மழைக்காலம் முடிந்த கையோடு மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. கூடவே ஓர் எச்சரிக்கை: இத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. வண்டி ஓட ஓட அந்த எண் குறைந்துகொண்டே வந்தது. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கத் தெளிக்கும் யூரியா கரைசல்தான் ஆட்ப்ளூ. அது தீர்ந்தாலோ, அந்த அமைப்பு பழுதானாலோ வண்டி இப்படி மிரட்டும். என் ஆட்ப்ளூ டேங்கோ முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினார்கள். பி20இஇ என்ற பழுதுக் குறியீடு, அதாவது கோடு, வந்தது. புகையில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் போய்விட்டது, மாற்ற நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்சார் கெட்டுவிட்டது என்று அந்தக் கோடு சொல்லவே இல்லை. ஆட்ப்ளூ தரும் அம்மோனியாவைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க வேண்டிய, புகை போகும் வழியில் உள்ள எஸ்சிஆர் கேட்டலிஸ்ட் எதிர்பார்த்த அளவு குறைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே சென்சார்தான். மணியடித்து ஊரை எழுப்பிய காவல்காரனையே திருடன் என்று பிடித்துக் கட்டுவதைப் போலிருந்தது அவர்கள் தீர்ப்பு.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் டீசல் பம்ப் வேலையிலேயே ஊறிப்போன ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேட்டலிஸ்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு நாக்ஸ் சென்சார்கள் உண்டு. ஆட்ப்ளூ தெளிப்பதை ஸ்கேனர் வழியாக நிறுத்திவைத்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தார். கேட்டலிஸ்டில் தேங்கியிருந்த அம்மோனியா தீர்ந்ததும், இரண்டு சென்சார்களும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. குறைப்பதற்கு எதுவும் இல்லாதபோது முன்னும் பின்னும் ஒரே அளவுதானே இருக்க வேண்டும்? ஆக, இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன. பிறகு தெளிப்பை மறுபடி திறந்தார். பின்னால் உள்ள எண் நன்றாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும், பெயருக்குத்தான் இறங்கியது.

அடுத்து ஆட்ப்ளூ இன்ஜெக்டரைக் கழற்றி, அளவு குடுவைக்குள் தெளிக்க வைத்தார். வரவேண்டிய அளவில் பாதிகூட வரவில்லை. முனையில் உப்பளத்து வரப்பு மாதிரி வெள்ளைப் படிவம். வெந்நீராக்கிய டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைத்ததும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அதிகச் சூட்டில் இறுகிப்போன படிவம் இப்படிக் கரையாது என்றும், அந்த நிலைக்குப் போயிருந்தால் இன்ஜெக்டரையே மாற்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். காரணம் என் ஓட்டம்தான். மேடவாக்கத்திலிருந்து பெருங்குடி, பெருங்குடியிலிருந்து மேடவாக்கம். புகைக்குழாய் சுமார் 200 டிகிரியைத் தொட்டால்தான் ஆட்ப்ளூ ஒழுங்காக ஆவியாகி அம்மோனியாவாக மாறும். பள்ளிக்கரணை சிக்னலில் நின்று நின்று போகும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

பழுதுக் குறியீட்டை அழித்தால் மட்டும் அந்தக் கிலோமீட்டர் கணக்கு நிற்காது. ஸ்கேனரில் ரீசெட் கொடுத்து, கேட்டலிஸ்ட் சரியாக வேலை செய்வதை வண்டி தானே ஒருமுறை பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டைத் தாண்டும் வரை ஒரே வேகத்தில் ஓட்டினோம். விளக்கு அணைந்தது. ஆன செலவு அந்த சென்சார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வேளச்சேரிவாசி:

நல்ல பதிவு. ஆனால் சென்சார் எப்போதும் நிரபராதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கனமழை அறிவிப்பு வந்தாலே எங்கள் பகுதியில் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிடுவோம், செய்தியில் பார்த்திருப்பீர்கள். நான் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன், அதற்குள் தண்ணீர் கதவு வரை வந்துவிட்டது.

எனக்கு வந்த கோடு வேறு: யு029டி. சென்சாரோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அர்த்தம். நாக்ஸ் சென்சாரோடு ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டியும் வயரால் பிணைந்தே வரும், தனியாகப் பிரிக்க முடியாது. என் வண்டியில் அது தரைக்கு அடியில் இருக்கிறது. கனெக்டரைத் திறந்தால் பின்கள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. சுத்தம் செய்து, 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பார்த்தவுடன் தொடர்பு திரும்பியது. ஆனால் சில வாரங்களில் அந்தச் சென்சார் நிஜமாகவே செத்தது. உள்ளே இருப்பது பல நூறு டிகிரிக்குச் சூடாக்கப்படும் பீங்கான். சூட்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விழும். அதனால்தான் புகைக்குழாயில் ஈரம் காயும் வரை வண்டி அதன் ஹீட்டரை முழுதாகப் போடுவதில்லை.

மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் பாதி விலைக்குப் பேசினார்கள். பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரை ஒத்துப்போகாததை வாங்காதீர்கள். பிளக் பொருந்தும், வண்டி ஏற்காது. புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய சென்சார் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கோயம்பேடு டிராவல்ஸ்:

எங்களிடம் ஏழெட்டு வண்டிகள் ஓடுகின்றன. நான் பார்த்தவரை பாதித் தொல்லை கேனிலிருந்துதான் வருகிறது. ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியாவும் தாதுநீக்கிய தண்ணீரும், வேறொன்றும் இல்லை. அதற்கு ஐஎஸ்ஓ 22241 என்ற தரநிலை உண்டு. 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம் தாங்கும், 30 டிகிரியில் 12 மாதம், 35 டிகிரியில் 6 மாதம்தான். இப்போது நம் ஊர் அக்னி நட்சத்திரத்தையும், பங்க் வாசலில் வெயிலில் அடுக்கிய கேன்களையும் நினைத்துப் பாருங்கள். நான் தயாரிப்புத் தேதி பார்க்காமல் ஒரு கேனும் வாங்குவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும் என்று ஒரு டிரைவர் என்னிடமே யோசனை சொன்னார். 2015 முதல் நம் நாட்டில் விவசாய யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெய் இன்ஜெக்டருக்கும் கேட்டலிஸ்டுக்கும் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மானிய யூரியாவை வேறு வேலைக்குத் திருப்புவது குற்றமும்கூட.

பெரம்பூர் புதியவர்:

ஐயா, ஒரு சந்தேகம். சாஃப்ட்வேரை மாற்றி எழுதி இந்த ஆட்ப்ளூ அமைப்பையே மூடிவிடலாம், விளக்கும் வராது, லாக்கும் ஆகாது என்று ஒருவர் பதினைந்தாயிரம் கேட்கிறார். புகைச் சான்றிதழும் கிடைத்துவிடுமாம். செய்யலாமா?

அண்ணாநகர் எஞ்சினியர் (ஓய்வு):

தம்பி, சான்றிதழ் கிடைத்துவிடும் என்று அவர் சொன்னது உண்மைதான். அங்கேதான் ஆட்களை ஏமாற்றுகிறார்கள். டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் அளப்பது புகையின் கருமையை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்கும் தெரியாது, அந்த மீட்டருக்கும் தெரியாது. பிஎஸ்4 டீசல் காருக்கு ஒரு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் வரை அனுமதி இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6-இல் அது 80. அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் இத்தனை குழாயும் சென்சாரும். அதை மூடிவிட்டு ஓட்டினால், கத்திப்பாராவில் உனக்குப் பின்னால் டூ வீலரில் நிற்பவர் அதைச் சுவாசிப்பார்.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் தந்த அமைப்பை இப்படி மாற்றத் தடை விதிக்கிறது. 182ஏ பிரிவில், மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். வாரண்டியும் போகும். அந்தப் பதினைந்தாயிரத்தில் ஒழுங்கான மெக்கானிக்கிடம் ஸ்கேனரில் லைவ் டேட்டா, அதாவது வண்டி ஓடும்போது சென்சார்கள் காட்டும் எண்களை, பார்க்கச் சொல்.

பெரம்பூர் புதியவர்:

நன்றி ஐயா. வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

திருவான்மியூர்க்காரி:

அந்தக் கிலோமீட்டர் எண் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் நடுரோட்டில் நிற்காது. அணைத்துவிட்டால் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். அது தெரியாமல் என் தம்பி வடபழனி கல்யாண மண்டபத்து வாசலில் வண்டியை அணைத்துவிட்டு உள்ளே சாப்பிடப் போனான். வெளியே வந்தால் செல்ஃப் எடுக்கவில்லை. பின்னால் நின்ற பெண் வீட்டார் வேனுக்கும் வழியில்லை. சித்தப்பா சத்தம் போட்ட சத்தம் நாதஸ்வரத்தைத் தாண்டிக் கேட்டது.

எங்கள் வண்டியில் டேங்க் நிஜமாகவே காலி. அவன் ஓடிப்போய் இரண்டு லிட்டர் வாங்கி ஊற்றினான், பலனில்லை. கொஞ்சமாக ஊற்றினால் டேங்க் சென்சார் கணக்கில் எடுக்காது. பத்து லிட்டர் கேனை முழுதாக ஊற்றி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து சில நிமிடம் காத்திருந்த பிறகுதான் எடுத்தது. எவ்வளவு ஊற்ற வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், பாருங்கள். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். செம்பு வயரை அது அரித்துவிடும்.

மேடவாக்கத்தார்:

டிராவல்ஸ் நண்பருக்கு ஒரு கேள்வி. கேனில் உள்ளது 32.5 சதவீதம்தானா என்று நாமே பார்க்க முடியுமா?

கோயம்பேடு டிராவல்ஸ்:

முடியும். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி போதும், கண்ணாடி மேல் ஒரு சொட்டு வைத்து வெளிச்சத்தில் பார்ப்பதுதான். வாங்கும்போது ஆட்ப்ளூவுக்கான அளவுகோல் உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கூலன்டும் பேட்டரி ஆசிடும் மட்டும் பார்ப்பதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். யூரியாவின் அளவைத்தான் அது சொல்லும், வேறு அழுக்கு கலந்திருந்தால் காட்டாது. என்னிடம் ஒன்று இருக்கிறது. கேனைத் திறக்காமல் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன்.