சின்ன வயதில் கொடுத்த ஃபிட்ஸ் மருந்து: உங்கள் பிள்ளைக்கு எப்படி இருந்தது?

மகன் பிறந்தவுடன் அழவில்லை. மறுநாளே ஃபிட்ஸ். பினோபார்பிட்டோன் போட்டார்கள், நின்றது. வீட்டுக்கு வரும்போது அதே மருந்து சிரப்பாகக் கூடவே வந்தது. எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. ஒன்றே முக்கால் வருஷம் ஊற்றினேன். பால் குடிக்கும்போதே தூங்கிப்போவான். பார்த்தவர்கள் எல்லாம் "சமர்த்துப் பிள்ளை" என்றார்கள். நடக்க ஆரம்பித்ததும் நேர்மாறு, ஒரு நிமிஷம் உட்காரமாட்டான். வேறொரு டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். இப்போது ஆறு வயது. பேச்சு தாமதம், எழுத்தும் திணறல். இந்த மருந்தைக் கொடுத்தால் எலிக்குட்டிகளின் மூளைச் செல்கள் மடிகின்றன என்று 2002-ல் வந்த ஆய்வை ஒரு ராத்திரி படித்துத் தொலைத்தேன். என் கையாலேயே ஊற்றினேனே என்பதுதான் தூங்கவிடுவதில்லை.

*

அக்கா, நான் பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ. நர்ஸ். அந்த ஆய்வில் பெனிட்டோயின், வால்ப்ரோயேட், டயசிபாம் என்று மற்ற ஃபிட்ஸ் மருந்துகளுக்கும் அதே கதைதான். ஆனால் அவை ஃபிட்ஸே வராத, நல்ல எலிக்குட்டிகள். உங்கள் மகனுக்கு மூச்சுத்திணறல், ஃபிட்ஸ், மருந்து மூன்றும் ஒரே வாரத்தில். இதில் எது எவ்வளவு கெடுத்தது என்று ஒரு குழந்தையைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அன்று போட்டதில் தப்பில்லை. 2020-ல் வெளியான ஒப்பீட்டில் பினோபார்பிட்டோன் பெற்ற பச்சிளங்குழந்தைகளில் 80 சதவீதம் பேருக்கு 24 மணி நேரம் ஃபிட்ஸ் வரவில்லை. லெவெடிராசெட்டம் என்ற இன்னொரு ஃபிட்ஸ் மருந்தில் 28 சதவீதம்தான். நிறுத்தும் தேதி எழுதாமல் அனுப்பியதுதான் கோபம் வருகிறது. பிறந்த சமயத்துப் பாதிப்பால் வந்த ஃபிட்ஸ் அடங்கிவிட்டால், வீட்டுக்கு அனுப்பும் முன்பே மருந்தை நிறுத்திய பிள்ளைகளும் தொடர்ந்து சாப்பிட்ட பிள்ளைகளும் இரண்டு வயதில் ஒரே மாதிரிதான் இருந்தார்கள் என்று 2021-ல் ஒரு ஆய்வு வந்தது. எங்கள் வார்டில் அதற்குப் பிறகுதான் "எப்போது நிறுத்துவது?" என்ற பேச்சே வந்தது.

*

எங்கள் பெண்ணுக்கு லெவெடிராசெட்டம். ஃபிட்ஸ் போச்சு, கோபம் வந்தது. தம்பியைக் கடித்து வைப்பாள், பிறகு தானே அழுவாள். இது மருந்தின் வேலை என்று படித்துவிட்டு, டாக்டரைக் கேட்காமல் நானே பட்டென்று நிறுத்தினேன். நான்காம் நாள் இருபது நிமிஷம் வெட்டியது. ஆம்புலன்ஸில் மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு டாக்டர் வேறு மருந்துக்கு மெல்ல மாற்றினார், கடியும் நின்றது.

*

நான் அந்தப் பிள்ளையாக இருந்தவன். வயது நாற்பதுக்கு மேல். காய்ச்சல் வந்தால் வெட்டும், அதற்காக வருஷக்கணக்கில் பினோபார்பிட்டோன். காய்ச்சல் வலிப்புக்கு அதைக் கொடுத்த குழந்தைகளின் ஐ.க்யூ. குறைந்திருந்தது, வலிப்பும் குறையவில்லை என்று 1990-லேயே எழுதிவிட்டார்கள். எனக்கு அது வெகு தாமதம். கணக்கு வகுப்பில் அரைத் தூக்கம்தான் ஞாபகம். மருந்து இல்லாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பேன் என்று ஒப்பிட இன்னொரு நான் கிடையாதே! அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

*

முதலில் எழுதியவள்தான். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்தேன். "மருந்தைத் தொடரவும்" என்று மட்டும்தான் இருக்கிறது. அதே கவரில் நான் பிரித்தே பார்க்காத எம்.ஆர்.ஐ. அறிக்கையும் இருந்தது. திங்கட்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.