குடியிருப்புத் தோட்டம்: பறிக்க எல்லோரும், தண்ணீர் ஊற்ற இருவர்

கேள்வி (கீரைப்பாத்தி, சென்னை):
எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து காய்கறித் தோட்டம் போட்டோம். ஆடியில் விதைக்கத் திருவிழாக் கூட்டம். சித்திரை வெயிலில் குடம் தூக்க நானும் எதிர்வீட்டு அக்காவும்தான். வெண்டை காய்க்கும்போது மட்டும் வாட்ஸ்அப் குழுவுக்கு உயிர் வருகிறது. மதியமானால் இலை சுருண்டு தொங்கும் கத்தரியைப் பார்க்கவே மனசு கேட்கவில்லை. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் (மொட்டைமாடி):
"யாராவது வாங்க" என்று பொதுவில் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். பாத்திக்கு ஒரு வீடு என்று பிரித்து, குழாயடியில் கிழமையும் வீட்டு எண்ணும் எழுதி மாட்டுங்கள். பறித்ததில் முதல் பங்கு தண்ணீர் ஊற்றியவர்களுக்கு. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் சண்டை வராது.

பதில் (மண்புழு):
ஆளைத் தேடும் முன் வேலையைக் குறையுங்கள் அக்கா. காய்ந்த இலையை 3 அங்குலம் மூடாக்காக (மண்ணை மூடும் போர்வையாக) போடுங்கள்; தண்டைத் தொடாமல் விரலளவு தள்ளி. வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். தக்காளி 35 டிகிரிக்கு மேல் பூ உதிர்க்கும், கோடையில் வேண்டாம். கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை தாங்கும். தண்ணீர் விடியற்காலையில்தான்.

கீரைப்பாத்தி:
நன்றி தம்பி. மூடாக்குக்கு வேப்பஞ்சருகு போடலாமா? இங்கே அதுதான் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

மண்புழு:
தாராளமாக. நாற்று விடும் இடத்தில் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.