தேவதைக்கு என்ன கலர்? கலரிங் ஷீட் அனுபவங்கள்

நாலு வயசுக்காரியின் அம்மா:
யானை, மரம், வீடு என்று எந்தப் படத்தைக் கொடுத்தாலும் என் மகள் கிரேயானைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். "இதுக்கு என்ன கலர்மா?" நான் சொன்னால்தான் கை நகரும். குட்டித் தேவதை படம் ஒன்றைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கேள்வியே வரவில்லை! ஒரு இறக்கை ஊதா, இன்னொன்று முழுக்கக் கறுப்பு. ஏன் என்று கேட்டதற்கு, "இந்தப் பக்கம் ராத்திரி" என்றாள். யானையைப் பார்த்திருக்கிறாள், அதனால் தப்பாகிவிடுமோ என்று பயம். தேவதையை யாரும் பார்த்ததில்லை, தப்பு என்று சொல்ல ஆளில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். உங்கள் வீட்டில் எப்படி? நடந்ததை எழுதுங்களேன்.

மழலையர் வகுப்பு ஆசிரியை:
நீங்கள் சொல்வது எங்கள் வகுப்பிலும் நடக்கிறது. ஆனால் படத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். கிடைக்கிற தேவதை ஷீட்டில் பாதி பெரியவர்களுக்கு வரைந்ததுதான். இறக்கை முழுக்க நரம்பு நரம்பாகக் கோடு, தலையில் பூ, காலடியில் காளான், பின்னால் ஒரு கோட்டை வேறு. மூன்று வயதுக் குழந்தை தோளையும் முழங்கையையும் அசைத்துத்தான் கலர் அடிக்கும். விரல் நுனிக்கு அந்தக் கட்டுப்பாடு பின்னால்தான் வரும். அதனால் தாள் நிறைய ஒரே ஒரு தேவதை, தடித்த கோடு, அகலமான இறக்கை. போதும்.

இன்னொன்று: கிரேயானைச் சின்னத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். முழு நீளக் கிரேயானை முஷ்டியால் பிடிக்கலாம், துண்டை அப்படிப் பிடிக்க இடமில்லை. விரல்களால்தான் பிடித்தாக வேண்டும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டால் மணிக்கட்டும் தானாகப் பின்பக்கம் வளைந்து நிற்கும். அது பிறகு எழுதுவதற்கு உதவும்.

போன வாரம் ஒரு பையன் எல்லாவற்றையும் அடித்துவிட்டு முகத்தை மட்டும் விட்டிருந்தான். "ஏன்டா கண்ணா?" என்றேன். "அவ தூங்குறா மிஸ், தேச்சா எழுந்துடுவா."

இரட்டையரின் அப்பா:
எங்கள் வீட்டில் கிலிட்டர் பசை பாட்டில் முழுசும் ஒரே தேவதையின் மேல். காய்ந்த பிறகு தாள் தானாக எழுந்து நின்றது.

ஆறு வயசுப் பையனின் அப்பா:
முதலில் எழுதியவர் சொன்னதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. என் மகனுடைய தேவதைகள் எப்போதும் விசித்திரமான நிறத்தில்தான் இருக்கும். முகம் பச்சை சாயலில், இலையால் செய்த பாவாடை பழுப்பில். வந்தவர்கள் எல்லாரும் "என்ன கற்பனை!" என்று பாராட்டினார்கள். நாங்களும் ஃபிரிட்ஜில் ஒட்டினோம். ஒரு நாள் இலைக் கிரீடத்துக்கு அக்காவிடம் "பச்சையை எடுத்துக் குடு" என்று கேட்டான். பச்சை அவன் கைப்பக்கத்திலேயே, பழுப்புக்கு அடுத்து, கிடந்தது. கிரேயான் மேல் சுற்றியிருந்த காகிதம் கிழிந்திருந்ததால் எது எதுவென்று அவனுக்குத் தெரியவில்லை. அதுவரை காகிதம் இருந்தால் நிறத்தின் பெயரை வாசித்தும், இல்லாவிட்டால் குத்துமதிப்பாகவும் எடுத்திருக்கிறான்.

கண் மருத்துவர், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார். ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட சோதனை அது. எண் வாசிக்கத் தெரியாத குழந்தைகளுக்கு, விரலால் தடம் பிடித்துப் போகிற வளைகோட்டு அட்டைகளும் அதில் இருக்கின்றன. சிவப்பு பச்சை நிறக்குறைபாடு என்று சொன்னார். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது என்பதால் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பயப்பட ஒன்றுமில்லை, கிரேயான்களில் பெயர் ஒட்டிவிட்டோம். ஆனால் யானைக்குப் பச்சை அடித்திருந்தால் முன்பே கவனித்திருப்போம் என்று நினைக்கிறேன். தேவதை என்பதால் எல்லாம் கற்பனைக் கணக்கில் போய்விட்டது.

சித்தி:
என் அக்கா மகள் பழுப்புக் கிரேயானை எடுத்து முகத்துக்கு அடிக்க ஆரம்பித்தாள். கூட இருந்த பெரிய பையன் பதறிப்போய், "ஐயோ, ஸ்கின் கலர் இது இல்ல, அது" என்று வெளிர் இளஞ்சிவப்பு ஒன்றை நீட்டினான். அவள் தன் கையைத் தேவதை முகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "என் கை இதுதான்" என்று பழுப்பிலேயே தொடர்ந்தாள். வாதம் முடிந்தது.

கிரேயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்று விற்றுவந்த கிரேயானுக்கு 1962இலேயே பெயரை மாற்றிவிட்டது. 2020இல் 24 தோல் நிறங்களுடன் தனிப் பெட்டியே போட்டார்கள். அந்தப் பழைய பேச்சு மட்டும் இன்னும் நம் வாயில் இருக்கிறது.

ஓவிய ஆசிரியர்:
எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். கலரிங் ஷீட் எனக்குப் பிடிக்காது. கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் எழுதிய நூலிலேயே இதைக் கண்டித்திருக்கிறார். பெரியவர் வரைந்த கச்சிதமான கோட்டைப் பார்த்துப் பழகும் குழந்தை, தானாக வரையச் சொன்னால் "எனக்கு வராது" என்று பின்வாங்கிவிடும். என்னிடம் வரும் பிள்ளைகளில் இதைப் பார்க்கிறேன்.

ஆனாலும் பெற்றோர் ஷீட்டோடுதான் வருகிறார்கள். அதனால் தேவதையை நடுவில் மடித்துப் பாதியை வெட்டிவிடுவேன். மீதிப் பாதியை வெள்ளைத் தாளில் ஒட்டி, "இன்னொரு பக்கம் உன்னுடையது" என்பேன். ஒரு சிறுமி இறக்கைக்குப் பதிலாக ஹெலிகாப்டர் விசிறி வரைந்தாள். காரணம் கேட்டால், "ஒரு இறக்கை உடைஞ்சிருச்சு சார், ரிப்பேர் பண்ணியிருக்காங்க" என்கிறாள். இந்தப் பதில் அச்சடித்த முழுத் தேவதையிலிருந்து வந்திருக்குமா?

நாலு வயசுக்காரியின் அம்மா:
சார், பாதித் தேவதையை நாளைக்கே செய்து பார்க்கிறேன். ஆனால் ஷீட்டே வேண்டாம் என்பதை ஏற்க முடியவில்லை. வெற்றுத்தாளைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளைகளும் இருக்கிறார்களே. அவர்களுக்கு உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டாமா?

ஒரு தாத்தா:
பேத்தி கலர் அடித்து முடித்ததும் தேவதையை ஓரமாக வெட்டி, குச்சியில் ஒட்டி, பூந்தொட்டியில் நட்டுவிட்டு என் போனைக் கேட்டாள். படம் எடுத்து "நிஜத் தேவதை" என்று எல்லாருக்கும் அனுப்ப வேண்டுமாம். சிரித்துவிட்டேன். இதையேதான் 1917இல் இங்கிலாந்தின் காட்டிங்லி கிராமத்தில் எல்சி ரைட், பிரான்சிஸ் கிரிஃபித்ஸ் என்ற இரண்டு பெண்கள் செய்தார்கள். பெரியவளுக்கு 16 வயது, சின்னவளுக்கு 9. ஒரு சிறுவர் புத்தகத்துப் படத்தைப் பார்த்து வரைந்து, வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலே அதை நம்பி, 1920 டிசம்பரில் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். காகிதம்தான் என்று இருவரும் ஒப்புக்கொண்டது 1983இல், பாட்டிகளான பிறகு! அப்போதும், எடுத்த ஐந்து படங்களில் கடைசிப் படம் மட்டும் நிஜம் என்று பிரான்சிஸ் விடவில்லை.

பேத்தியிடம் கதையைச் சொன்னேன். "அவங்க கலர் அடிச்சாங்களா தாத்தா?" என்றாள். அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம், அடித்திருந்தாலும் தெரியாது என்றேன். "அப்ப என்னோடதுதான் நல்லாருக்கு."

புதுசாக வந்தவர்:
வாட்டர்கலர் அடித்தால் தேவதையின் கோடெல்லாம் கரைந்து முகம் கறுப்பாகிவிடுகிறது. மகள் அழுகிறாள். என்ன செய்வது?

மழலையர் வகுப்பு ஆசிரியை:
இங்க்ஜெட் பிரிண்டராக இருக்கும். பெரும்பாலும் அந்த மை தண்ணீரில் கரையும். ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரிண்ட் எடுங்கள். அதில் வரும் டோனர் என்ற தூள் மை சூட்டில் உருகி ஒட்டியிருப்பதால் நனைந்தாலும் அசையாது. சாதாரண பிரிண்ட் தாள் சுருங்கும், கொஞ்சம் தடித்த தாள் நல்லது. இன்னொரு வேடிக்கை: முதலில் வெள்ளைக் கிரேயானால் இறக்கையில் அழுத்திக் கோலம் போடச் சொல்லுங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மேலே நீலம் பூசினால் மெழுகு இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாது, கோலம் வெள்ளையாக வெளியே வரும்.

நாலு வயசுக்காரியின் அம்மா:
அப்பாடா, வெள்ளைக் கிரேயானுக்கு ஒரு வேலை கிடைத்தது! எங்கள் பெட்டியில் அது ஒன்றுதான் வாங்கிய நாள் மாதிரியே கிடக்கிறது.